ஆய்வு நிதியும் ஆய்வுப்பயன் பதிவும்: கோயம்புத்தூர்க் கரும்பு ஆய்வையும் உடுமலை வட்டாரத்தையும் முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பொதுப்பணத்தில் நடைபெறும் ஆய்வுகள் சமூகத்தில் விளைவித்த பயனை யார் பின்தொடர்ந்து பதிவுசெய்ய வேண்டும் என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. 1912இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையத்தின் வரலாறு இதற்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. அந்நிலையத்தின் கரும்பு வகைகள் சென்ற வழியை ஓரளவு அறிய முடிவதற்கு அவற்றின் பெயரிடு முறையும் சர்க்கரை ஆலைகளின் பதிவேடுகளுமே காரணம். எனினும் அப்பதிவேடுகளில் ஏறாத பயனும் உண்டு; அவற்றில் உரிய காலத்தில் கருத்தூன்றப்படாத கேடும் உண்டு. உடுமலைப்பேட்டை வட்டாரத்தின் வெல்லக் கரும்பு, வட இந்தியாவின் செவ்வழுகல் நோய், வெண்பட்டு வளர்ப்புத் திட்டம் ஆகியவற்றை ஒப்புநோக்கி, பயன் பதிவு நிதியாளரின் கடமையே என்று இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஆய்வு நிதி, ஆய்வுப்பயன், கரும்பு இனப்பெருக்கம், கோயம்புத்தூர், உடுமலைப்பேட்டை, வெண்பட்டு

முன்னுரை

இந்தியாவில் அரசு நிதிநல்கை பெற்று ஆய்வு மேற்கொள்வோர் அனைவரும் அறிந்த ஆவணம் ஒன்று உண்டு. அது பயன்பாட்டுச் சான்றிதழ். 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் இதற்கெனத் தனிப் படிவமே வகுக்கப்பட்டுள்ளது. நல்கப்பட்ட தொகை எந்த இனத்தில் எவ்வளவு செலவாயிற்று, மீதி எவ்வளவு என்பதை அது காட்டும். அச்சான்றிதழில் 'பயன்பாடு' என்பது முதன்மையாகப் பணத்தின் பயன்பாட்டைக் குறிக்கிறது. திட்டம் முடிந்த பின் ஆய்வு யாருக்கு, எங்கே, எவ்வாறு பயன்பட்டது என்பதைத் தொடர்ந்து சொல்லும் ஆவணம் அதுவன்று. இறுதி அறிக்கையும் தணிக்கை செய்யப்பட்ட கணக்கும் ஏற்கப்பட்டவுடன் கோப்பு மூடப்படுகிறது. ஆனால் ஆய்வின் பயன் பெரும்பாலும் கோப்பு மூடப்பட்ட பின்னரே தொடங்குகிறது.

இவ்விடைவெளி நிர்வாகக் குறைபாடு மட்டுமன்று; வரலாற்றுச் சான்று தொடர்பான சிக்கலும் ஆகும். பிற்காலத்தில் ஓர் ஆய்வின் பயனை எழுத முற்படும் வரலாற்றாசிரியருக்கு எந்தச் சான்று எஞ்சியிருக்கும் என்பதை இன்று நிதி வழங்குவோர் எதைக் கேட்கின்றனர், எதைக் கேட்காமல் விடுகின்றனர் என்பதே தீர்மானிக்கிறது. நூறாண்டுக்கு மேற்பட்ட தொடர்ச்சியுடைய கோயம்புத்தூர்க் கரும்பு ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது.

1. நிலையத்தின் தோற்றமும் மாறிய நிதியாளரும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியா ஜாவாவிலிருந்து பெருமளவில் சர்க்கரையை இறக்குமதி செய்துவந்தது. வட இந்தியாவில் பயிரிடப்பட்ட மெல்லிய நாட்டுக் கரும்பு வகைகளின் விளைச்சல் மிகக் குறைவாக இருந்தது. இச்சூழலில் 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் நிறுவப்பட்டது. சி.ஏ. பார்பர் அதன் முதல் தலைவர். இவ்வூர் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு இயற்கைசார்ந்த காரணம் உண்டு. கரும்பு இங்கே நன்கு பூத்து விதை பிடிக்கும். பூவாத இடத்தில் ஒட்டுச்சேர்க்கை இயலாது.

1918இல் இந்நிலையம் கோ 205 என்னும் வகையை வெளியிட்டது. 'வெள்ளை' என்னும் தமிழ்ப் பெயராலேயே அறிவியல் இலக்கியத்தில் இடம்பெற்ற தடித்த கரும்பையும், ஆற்றங்கரைகளில் வளரும் காட்டுக் கரும்பினத்தையும் சேர்த்து உருவாக்கப்பட்ட கலப்பினம் அது. பஞ்சாபில் அது உள்ளூர் வகைகளைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு மிகுதியான விளைச்சல் தந்ததாக நிறுவன வரலாறு குறிப்பிடுகிறது. பார்பருக்குப் பின் பொறுப்பேற்ற டி.எஸ். வெங்கடராமன் 1942 வரை இப்பணியை வழிநடத்தினார்.

இந்நிலையத்தைத் தாங்கிய நிதியமைப்பு பலமுறை மாறியது. லின்லித்கோ தலைமையிலான வேளாண்மை அரசு ஆணையத்தின் 1928ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து 1929இல் வேளாண் ஆராய்ச்சிக்கெனப் பேரரசுக் கழகம் உருவானது. 1944இல் இந்திய மத்தியக் கரும்புக் குழு அமைந்தது. 1960களின் நடுப்பகுதியில் பயிர்வாரிக் குழுக்கள் கலைக்கப்பட்டன. 1969இல் இந்நிறுவனம் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் வந்தது. நிதியாளர் மாறும்போதெல்லாம் கணக்குமுறையும் மாறுவது இயல்பு. 1918இல் வெளியிட்ட வகையின் விளைவை 1969இல் பொறுப்பேற்ற அமைப்பு தன் கணக்கில் காட்ட வேண்டிய கட்டாயமில்லை. இருந்தும் அத்தொடர்பு அறுந்துபோகவில்லை. அதற்கான காரணம் நிதியமைப்புக்கு வெளியே இருந்தது.

2. பெயரே தடமாதல்

கோயம்புத்தூரில் உருவான கரும்பு வகைகள் ஊர்ப்பெயரின் முதலெழுத்தைத் தாங்கி 'கோ' என்னும் முன்னொட்டுடன் வெளிவந்தன. தொடக்கத்தில் வரிசை எண்ணும், பின்னர் தெரிவுசெய்யப்பட்ட ஆண்டைக் குறிக்கும் எண்ணும் அதனுடன் இணைந்தன. கோ 86032 என்பதில் 86 என்பது ஆண்டைக் குறிக்கிறது. கோயம்புத்தூரில் ஒட்டுச்சேர்க்கை செய்யப்பட்டுப் பிற நிலையங்களில் தெரிவுசெய்யப்பட்ட வகைகளுக்கு இரு இடங்களின் எழுத்துகளும் சேர்க்கப்பட்டன. கோசி என்பதில் கடலூர் நிலையமும், கோஜே என்பதில் ஜலந்தர் நிலையமும் அடங்கியுள்ளன.

பயிருக்குப் பெயரிடும் ஒழுங்காகத் தோன்றினாலும், இம்முறை ஆய்வுப்பயன் பதிவின் பணியையும் செய்தது. சர்க்கரை ஆலை தன் பகுதியில் எந்த வகை எத்தனை ஏக்கரில் உள்ளது என்று பதிவுசெய்யும்போது, அந்த வகையை உருவாக்கிய நிலையத்தின் பெயரும் தானாகவே பதிவாகிவிடுகிறது. உழவர் எண்ணைச் சொல்லி விதைக்கரணை கேட்கும்போதும் அத்தடம் தொடர்கிறது. கோ 281, கோ 290 ஆகியன அமெரிக்காவின் லூசியானாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பயிரிடப்பட்டதை இன்று நாம் அறிவதற்கும், கோ 419இன் பெற்றோருள் ஒன்று ஜாவாவின் பி.ஓ.ஜே. 2878 என்று அறிவதற்கும் இப்பெயர் மரபே வழிசெய்தது.

எவன்சன், ஹௌக், ரட்டன் ஆகியோர் 1960களின் இறுதியில் கரும்பு வகைகள் நாடுவிட்டு நாடு பரவியதை ஆராய்ந்தபோது, அவர்களுக்குக் கைகொடுத்ததும் இத்தகைய பெயர்த்தடமே. அதற்குப் பத்தாண்டு முன்னர், 1958இல், அமெரிக்காவின் கலப்பின மக்காச்சோள ஆய்வுக்கான செலவையும் அதனால் சமூகம் பெற்ற பயனையும் கிரிலிக்கஸ் கணக்கிட்டிருந்தார். இவ்விரு முயற்சிகளும் பொருளியலாளர்கள் பின்னோக்கிச் சென்று மீட்டெடுத்தவை. மீட்டெடுக்க இயன்றது பயிர்வகைக்குப் பெயர் இருந்ததனால். உழவு முறை, நீர்ப்பாசன முறை, நோய்த்தடுப்பு முறை போன்ற பெயரற்ற ஆய்வு முடிவுகளுக்கு இவ்வாய்ப்பு இல்லை.

3. பயன் சென்ற தொலைவு

கோயம்புத்தூர் நிலையத்தின் தொடக்ககாலப் பயன் கோயம்புத்தூருக்குக் கிட்டவில்லை. அதன் முதல் நோக்கம் பஞ்சாப், ஐக்கிய மாகாணம், பிகார் ஆகியவற்றுக்கான வகைகளை உருவாக்குவதாகவே இருந்தது. வெப்பமண்டலத் தென்னிந்தியாவுக்கான வகைகளை உருவாக்கும் பணி 1926இல்தான் தொடங்கியது. ஆகவே நிலையத்தைச் சுற்றியுள்ள வயல்களை மட்டும் நோக்கி அதன் முதற் பதினைந்தாண்டுப் பயனை ஒருவர் மதிப்பிட்டிருந்தால் பிழையான முடிவையே எட்டியிருப்பார்.

இதனினும் கடினமான வினா ஒன்று உண்டு. 1932இல் சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதற்கு முன் முப்பதை ஒட்டியிருந்த நவீன ஆலைகளின் எண்ணிக்கை சில ஆண்டுகளிலேயே 130ஐத் தாண்டியது. 1930களின் நடுப்பகுதியில் இந்தியா சர்க்கரையில் ஏறத்தாழத் தன்னிறைவு பெற்றது. இம்மாற்றத்துக்குக் காரணம் கோ வகைகளா, காப்பு வரியா? வரி இல்லையேல் ஆலைகள் பெருகியிரா. விளைச்சல் மிகுந்த கரும்பு இல்லையேல் பெருகிய ஆலைகளுக்கு அரவைப் பொருள் போதியிராது. இரண்டின் பங்கையும் பிரித்தறிய வேண்டுமெனில், வரி விதிக்கப்படுவதற்கு முன்பே எம்மாவட்டத்தில் எவ்வளவு பரப்பு புதிய வகைக்கு மாறியிருந்தது என்ற தொடர்பதிவு தேவை. நிதி வழங்கும்போதே அடிப்படை நிலையைப் பதிவுசெய்தல் ஏன் இன்றியமையாதது என்பதை இது உணர்த்துகிறது. விளைவு தோன்றிய பின் தொடங்கும் பதிவு, முழுப்பெருமையையும் ஆய்வுக்கே வழங்கிவிடும்; அல்லது முற்றிலும் மறுத்துவிடும்.

4. பதிவேட்டில் ஏறாத கரும்பு

இக்கட்டுரையாளரின் சொந்த வட்டாரமான உடுமலைப்பேட்டைப் பகுதி இச்சிக்கலின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 1950களில் கட்டப்பட்ட அமராவதி அணையின் பாசனத்தால் இப்பகுதியில் கரும்பு விரிவடைந்தது. இன்றைய மடத்துக்குளம் வட்டத்துக்குட்பட்ட கிருஷ்ணாபுரத்தில் அமராவதி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அமைந்தது. ஆலையுடன் ஒப்பந்தம் செய்யும் உழவரின் பெயர், பரப்பு, கரும்பு வகை, நடவு நாள் ஆகியன கரும்பு அலுவலர்களால் பதிவுசெய்யப்படும். ஆலைக்குச் செல்லும் கரும்பைப் பொறுத்தவரை ஆய்வின் பயனை அளக்கத் தேவையான சான்று இப்பதிவேடுகளில் உண்டு.

ஆனால் இவ்வட்டாரத்தில் விளையும் கரும்பு முழுவதும் சர்க்கரை ஆலைக்குச் செல்வதில்லை. தோட்டத்திலேயே கரும்பாலை அமைத்துச் சாறு பிழிந்து, கொப்பரையில் காய்ச்சி, வெல்லமாகவோ நாட்டுச் சர்க்கரையாகவோ ஆக்கி மண்டிக்கு அனுப்பும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. இவ்வாறு காய்ச்சப்படுவதும் பெரும்பாலும் ஆய்வு நிலையங்கள் தந்த வகைகளின் சாறே. மண்டிக் கணக்கில் மூட்டை எண்ணிக்கையும் விலையும் இடம்பெறும். எந்தக் கரும்பு வகையிலிருந்து வந்த வெல்லம் என்பது இடம்பெறாது. ஒரே தோட்டத்தில், ஒரே வகைக் கரும்பு, ஆலைக்குப் போனால் ஆய்வின் பயனாகப் பதிவாகிறது. கொப்பரைக்குப் போனால் பதிவின்றிப் போகிறது.

அண்மை ஆண்டுகளில் கிருஷ்ணாபுரம் ஆலையின் அரவை நின்றுபோனமை இச்சிக்கலை மேலும் கூர்மையாக்கியுள்ளது. அரவை நின்றால் புதிய ஒப்பந்தப் பதிவும் நிற்கிறது. அதன்பின் உழவர் எந்த வகையைத் தொடர்ந்தார், எதைக் கைவிட்டார், கரும்பிலிருந்து தென்னைக்கோ மக்காச்சோளத்துக்கோ மாறினாரா என்பதை வகைவாரியாக அறியும் வாயில் அடைபடுகிறது. வணிக நிறுவனம் ஒன்றின் ஏட்டை நம்பியிருக்கும் பயன் பதிவு, அந்நிறுவனத்தின் நலிவோடு தானும் நலியும். ஆய்வுக்குப் பணம் அளித்தவர் தமக்கெனப் பதிவு வைத்திருந்தால் மட்டுமே இத்தொடர்ச்சி காக்கப்படும்.

5. செவ்வழுகல்: பயனின் மறுபக்கம்

பயன் பதிவு என்றவுடன் வெற்றிப் பட்டியலே பலருக்கு நினைவுக்கு வரும். கரும்பின் வரலாறு வேறொன்றையும் பதிவுசெய்யக் கோருகிறது. 1930களின் இறுதியில் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் வட பிகாரிலும் செவ்வழுகல் நோய் பெருவாரியாகப் பரவியது. அங்கே மிகப் பரவலாகப் பயிரிடப்பட்டிருந்த கோ 213 அதில் வீழ்ந்தது. பரந்த நிலப்பரப்பு ஒரே வகையைச் சார்ந்திருந்தமை இழப்பைப் பெருக்கியது.

ஏறத்தாழ எழுபதாண்டுகளுக்குப் பின், 2009இல், கர்னால் மண்டல மையத்தின் கோ 0238 வெளியிடப்பட்டது. விளைச்சலிலும் சர்க்கரைக் கட்டுமானத்திலும் ஒருங்கே சிறந்து விளங்கிய அவ்வகை, பத்தாண்டுக்குள் உத்தரப் பிரதேசக் கரும்புப் பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பரவியது. ஆய்வுப்பயனுக்கு இதனினும் ஒளிமிக்க சான்று காண்பது அரிது. ஆனால் அவ்வகையும் செவ்வழுகலுக்கு ஆளாகி, மாற்று வகைகளுக்கு உழவர்கள் விரைந்து மாற வேண்டிய நிலை ஏற்பட்டது.

இங்கே ஒரே எண் இருபொருள் தருகிறது. பரப்பில் எண்பது விழுக்காடு என்பது ஆண்டறிக்கையில் சாதனை. பயிர்நோய் நோக்கில் எச்சரிக்கை. நிதியாளர் முதற்பொருளை மட்டும் அறிக்கையிட்டால் இரண்டாவது பொருள் கண்ணுக்குத் தப்பும். 1930களின் பட்டறிவு நோயியல் நூல்களில் இருந்தது. வகைப் பரவலைக் கண்காணித்து, ஒரு வகை குறிப்பிட்ட அளவைத் தாண்டும்போது மாற்று வகைகளுக்கான நிதியை முன்கூட்டியே உயர்த்தும் நடைமுறையாக அது மாறியிருக்க வேண்டும். தொடர்ந்து பின்தொடர்தலின் தலையாய பயன் இதுவே. கடந்த நிதி வீணாகவில்லை என்று காட்டுவதோடு, அடுத்த நிதி எங்குத் தேவை என்பதையும் அது முன்னுணர்த்தும்.

6. நிதியாளரே பின்தொடர்ந்த ஒரு முயற்சி

மேற்கண்டவற்றுக்கு மாறான ஒரு சான்றும் உடுமலை வட்டாரத்தோடு தொடர்புடையதே. இன்று இவ்வட்டாரம் வெண்பட்டுக்கூடு உற்பத்திக்குப் பெயர்பெற்றது. மைவாடியில் அரசுப் பட்டுப் பண்ணை இயங்குகிறது. தென்னிந்தியாவில் நெடுங்காலம் வழக்கிலிருந்தது மஞ்சள் கூடு தரும் கலப்பினம். வெண்கூடு தரும் பைவோல்டின் இனங்கள் நம் வெப்பச் சூழலுக்கு ஒத்துவாரா என்பதே பரவலான கருத்து. மைசூரு மத்தியப் பட்டு வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் துணையுடன் 1991 முதல் 2007 வரை மூன்று கட்டங்களாக மேற்கொண்ட பணி இக்கருத்தை மாற்றியது. சி.எஸ்.ஆர். 2, சி.எஸ்.ஆர். 4 போன்ற இனங்களின் கலப்பும், 1997இல் வெளியான வி1 மல்பெரி வகையும், இளம்புழு வளர்ப்பு மையங்களும் தனி மனைகளில் புழு வளர்க்கும் முறையும் இணைந்து பரவின.

இத்திட்டத்தின் கட்ட அமைப்பு நம் கவனத்துக்கு உரியது. முதற்கட்டம் நுட்ப உருவாக்கம். இரண்டாம் கட்டம் நடைமுறைப்படுத்தல். மூன்றாம் கட்டம் விரிவாக்கப் பணியை வலுப்படுத்தல். ஒரு கட்டத்தின் விளைவை மதிப்பிட்ட பின்னரே அடுத்த கட்டம் வகுக்கப்பட்டது. பொருத்தம், இலக்கு எய்தல், சிக்கனம், தாக்கம், நிலைபேறு என்னும் ஐந்து அளவைகளால் திட்டங்களை மதிப்பிட்டு அறிக்கை வெளியிடுவது அக்காலத்தில் அம்முகமையின் வழக்கமாக இருந்தது. ஆய்வகத்தில் வெற்றிபெற்ற கலப்பினம் உழவர் மனையில் ஏன் தயங்குகிறது என்ற வினா, இனப்பெருக்கத்தைத் தாண்டி இளம்புழு வளர்ப்பையும் விரிவாக்கத்தையும் நோக்கித் திட்டத்தைத் திருப்பியது. பின்தொடர்தல் ஆய்வின் திசையையே சீர்செய்யும் என்பதற்கு இது சான்று.

இம்முயற்சிக்கும் எல்லை உண்டு. அயல்நாட்டு முகமையின் கணக்கு திட்டக் காலத்தைச் சார்ந்தது. திட்டம் நிறைவுற்ற பின், புழு நோயாலும் விலைச்சரிவாலும் எத்தனை குடும்பங்கள் மல்பெரியை அகற்றின, எத்தனை குடும்பங்கள் நிலைத்தன என்பதைத் தொடர்ந்து பதிவுசெய்வது உள்நாட்டு நிதியாளரின் பொறுப்பு.

7. இரு மறுப்புகள்

பயன் பதிவை எதிர்ப்போர் முன்வைக்கும் முதல் மறுப்பு, அது உடனடிப் பயன் தரும் ஆய்வுகளுக்கே சாதகமாக அமையும் என்பது. இதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஜானகி அம்மாள் 1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர் நிலையத்தில் மரபியலாளராகப் பணியாற்றிக் கரும்பையும் மக்காச்சோளம் முதலிய பிற புல்லினங்களையும் சேர்த்துக் கலப்பினங்களை உருவாக்கினார். அவற்றுள் எதுவும் உழவர் வயலில் பெருவகையாகவில்லை. பரப்பை மட்டும் அளவுகோலாக்கினால் அவர் பணியின் மதிப்பு சுழியாகும். ஆனால் புல்லினங்களின் உயிரணுவியல் அறிவுக்கு அப்பணி அடித்தளங்களுள் ஒன்று.

தமிழாய்வுக்கும் இது பொருந்தும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் பின்னிணைப்பாகவும் வெளிவந்தது. அரசு நிதியால் நிகழ்ந்த அப்பெரும்பணியின் பயனை ஏக்கரிலோ டன்னிலோ அளக்க இயலாது. எனினும் அதன் பயனைப் பதிவுசெய்ய இயலாது என்று கூறுவதும் பொருந்தாது. பின்வந்த எந்தெந்த அகராதிகள் அதன்மேல் எழுந்தன, எந்தெந்த மின்தரவுத்தளங்கள் அதனை உள்வாங்கின, எந்தப் பாடநூல்களில் அது கையாளப்பட்டது என்பன பதிவுசெய்யத்தக்கவை. துறைக்கேற்ற அளவை வேண்டும் என்பதே இம்மறுப்பிலிருந்து பெறத்தக்க முடிவு.

இரண்டாம் மறுப்பு, பதிவின் சுமை ஆய்வாளர்மேல் விழும் என்பது. பிரித்தானியாவின் ஆய்வுத் தர மதிப்பீட்டில் 2014இல் தாக்கத்துக்கு 20 விழுக்காடும் 2021இல் 25 விழுக்காடும் மதிப்பெண் ஒதுக்கப்பட்டன. பல்கலைக்கழகங்கள் ஆயிரக்கணக்கான தாக்கக் கட்டுரைகளைத் தயாரித்தன. அதற்கான உழைப்பும் செலவும், வெற்றிக்கதை புனையும் போக்கும் அங்கேயே கண்டிக்கப்பட்டன. மூன்றாண்டுத் திட்டத்தில் பணியாற்றிய ஆய்வாளர் திட்டம் முடிந்ததும் வேறு ஊர், வேறு பணி என்று சென்றுவிடுகிறார். பத்தாண்டுக்குப் பிந்தைய பயனை அவரே தேடித் தர வேண்டும் என்பது நேர்மையன்று. ஆய்வாளர் மாறுவர், நிதியாளரோ நிலையானவர். அதனாலேயே இக்கடமை நிதியாளருக்கு உரியதாகிறது.

8. நிதியாளர் செய்யத்தக்கன

மேற்கண்ட வரலாற்றிலிருந்து நான்கு நடைமுறைகளை வகுக்கலாம். முதலாவது, நிதி வழங்கும்போதே அடிப்படை நிலையைப் பதிவுசெய்தல். இரண்டாவது, 'கோ' முன்னொட்டைப் போல ஒவ்வொரு நல்கைக்கும் நிலையான அடையாள எண் அளித்து, அதிலிருந்து தோன்றும் கட்டுரை, நூல், வகை, நெறிமுறை அனைத்திலும் அதனைக் குறிப்பிடச் செய்தல். மூன்றாவது, திட்டம் முடிந்து ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் நிதியாளர் தம் செலவில், ஆய்வில் பங்கேற்காத ஒருவரைக் கொண்டு மதிப்பிடுதல். எல்லாத் திட்டங்களுக்கும் இயலாவிடில் மாதிரியாகச் சிலவற்றையேனும் தெரிவுசெய்தல். நான்காவது, பயன் கிட்டாதவற்றையும் தீங்கு நேர்ந்தவற்றையும் சேர்த்துப் பொதுமக்கள் படிக்கும் மொழியில் வெளியிடுதல். தமிழ்நாட்டு ஆய்வின் பயன் அறிக்கை தமிழிலும் வெளிவருதல் முறை.

முடிவுரை

2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி இந்தியாவில் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிதியம் உருவாகியுள்ளது. பெருந்தொகை புதிய வழிகளில் ஆய்வுக்குச் செல்லவிருக்கும் இக்காலத்தில், எதைப் பதிவுசெய்வது என்று இப்போதே முடிவுசெய்ய வேண்டும். விளைவுகள் தோன்றிய பின் அடிப்படை நிலையைப் பதிவுசெய்ய இயலாது.

கோயம்புத்தூர்க் கரும்பு ஆய்வின் பயனை நூறாண்டுக்குப் பின்னும் ஓரளவு சொல்ல முடிவதற்கு ஒரு முன்னொட்டும், ஆலைகளின் ஏடுகளும் போதுமானவையாக இருந்தன. அவை எட்டாத இடத்தில் உடுமலை வட்டாரத்து வெல்லக் கொப்பரை நிற்கிறது. அக்கொப்பரையில் காய்ந்த கரும்பும் பொதுப்பணத்தில் விளைந்த ஆய்வின் பயனே. அதனை எழுதிவைக்கும் பொறுப்பை உழவரிடமோ மண்டியிடமோ ஆய்வாளரிடமோ விட்டுவிட இயலாது. பணத்தின் பயன்பாட்டுக்குச் சான்றிதழ் கேட்கும் உரிமையுடைய நிதியாளர், ஆய்வின் பயனுக்குத் தாமே சான்று வைக்கும் கடமையும் உடையர்.